அப்பா எழுந்து போன இடத்திலேயே நிறுத்திவிடுகிறேன்: இந்தப் படத்தை முழுதாகப் பார்க்கலாமா?

ரயில்கேட் கொருக்குப்பேட்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு திரைப்படத்தைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். கேள்வி சிறியதுதான் என்றாலும், அதற்கு வந்து சேரக் கொஞ்சம் வீட்டுக் கதை சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா சென்னைத் துறைமுகத்தில் சுமை இறக்கும் தொழிலாளி. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அருகில், எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குழாய் என்றிருந்த ஸ்டோர் வீடு ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். 1980-களின் கடைசியில் மாதவரத்துக்கு அப்பால் அரை கிரவுண்டு மனை வாங்கி, கையில் பணம் சேரும்போதெல்லாம் ஒரு லோடு மணல், கொஞ்சம் செங்கல், சில மூட்டை சிமெண்ட் என்று சேர்த்துச் சேர்த்து அவர் வீடு கட்டத் தொடங்கினார். அஸ்திவாரத்தோடு ஒரு வருடம் நின்றது. பிறகு சுவர் எழும்பி லிண்டல் மட்டத்தில் மீண்டும் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு அங்கே போவார். போய்ச் சுவரைச் சுற்றி வருவார், வேறு வேலை எதுவும் இருக்காது.

அந்தக் காலத்தில் ஒரு நாள் இரவு, பக்கத்துக் குடித்தனத்துத் தொலைக்காட்சியில் பாலு மகேந்திராவின் ‘வீடு’ ஒளிபரப்பானது. 1988-ல் வெளிவந்த அந்தப் படத்தில் பாடல்கள் கிடையாது, சண்டைகள் கிடையாது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்ன பிறகு, சுதா என்ற பெண் தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு, நகையை விற்று, கடன் வாங்கி, ஒப்பந்தக்காரரிடம் ஏமாந்து, ஒரு சிறு வீட்டை எழுப்பப் படும் பாடு மட்டுமே கதை. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதருக்கு என்ன கிடைத்திருந்தாலும் எனக்குப் போதாதென்றுதான் தோன்றும்.

பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க அந்தத் தாத்தா தனியாகக் கிளம்பி வருவார். பூச்சு இல்லாத சுவர்களுக்கு நடுவில் ஒரு குழந்தையின் முகத்தோடு சுற்றிப் பார்ப்பார். அந்த இடத்தில்தான் என் அப்பா, “சுவத்துக்குத் தண்ணி ஊத்துறாங்களா பாரு, காஞ்சி கெடக்குது” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, எழுந்து வெளியே போனார். குழாயடியில் வெகுநேரம் நின்றிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் தாத்தா இறந்துவிட்டிருந்தார். அப்பா அந்தப் படத்தின் மீதியைக் கடைசி வரை பார்க்கவில்லை.

எங்கள் வீடு எப்படியோ முடிந்தது, 1994-ல் குடிபோனோம். வெளிப்பூச்சு மட்டும் இன்றுவரை இல்லை. அப்பா 2011-ல் காலமானார். அதன் பிறகு மூன்று முறை அந்தப் படத்தைப் பார்க்க முயன்றிருக்கிறேன். மூன்று முறையும், தாத்தா கிளம்பி வரும் காட்சி நெருங்கும்போதே நிறுத்திவிட்டேன். பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள் சென்ற வாரம் அதைக் கவனித்துவிட்டு, “ஏம்பா எப்பவும் இங்கயே நிறுத்துற?” என்று கேட்டாள். பதில் சொல்ல வரவில்லை.

அப்பாவின் மரணத்தின்போது நான் நிதானமாகவே இருந்தேன். ஆம்புலன்ஸ், ஐஸ் பெட்டி, பந்தல், வண்டி என்று எல்லாவற்றையும் நானேதான் ஏற்பாடு செய்தேன். அப்படிப்பட்டவனை ஒரு கிழவர் செங்கல் சுவரைப் பார்க்கும் காட்சி ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது? உங்களுக்கும் இப்படி ஒரு படம், படத்துக்குள் இப்படி ஓர் இடம் இருக்கிறதா? மகளோடு உட்கார்ந்து இதை முழுதாகப் பார்க்கலாமா, அல்லது இப்படியே விட்டுவிடலாமா?

வண்ணாரப்பேட்டைவாசி எழுதியது:

பார்த்துவிடுங்கள் ஐயா. ஒரு படத்துக்கு அஞ்சிக்கொண்டு இத்தனை ஆண்டுகள் இருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

தவறாக எண்ண வேண்டாம், நான் வெளிப்படையாகப் பேசுகிறவன். அழ வைப்பது சினிமாவில் ஒரு கைத்தொழில். ஷெனாயை எங்கே இழைக்க வேண்டும், முகத்தை எவ்வளவு நெருக்கத்தில் காட்ட வேண்டும், எந்த நொடியில் கையை நடுங்கவிட வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் செய்கிற வேலை அது. ‘பாசமலர்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ல் பீம்சிங் இயக்கியது; அண்ணனும் தங்கையும் கடைசியில் கையைப் பற்றியபடி செத்துப்போகிறார்கள். சிவாஜியும் சாவித்திரியும் மாபெரும் நடிகர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கொட்டகைக்குள் கைக்குட்டையைப் பிழிந்துவிட்டு வெளியே வந்தவர்களில் எத்தனை பேர் மறுநாள் தங்கைக்குச் சொத்தில் பங்கு கொடுத்தார்கள்? என் குடும்பத்தில் ஒருவரும் கொடுக்கவில்லை. அப்படி அழுதவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர்.

உங்கள் அப்பாவுக்குச் சுவர் காய்ந்திருப்பது கண்ணில் பட்டது, அவர் அதைச் சொன்னார், தாகமெடுத்துக் குழாயடிக்குப் போனார். நீங்கள்தான் அதில் இவ்வளவு ஏற்றிவைத்திருக்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

பழைய கேபின் எழுதியது:

தம்பி, உன் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நான் இருபத்தாறு ஆண்டுகள் தண்டையார்பேட்டைப் பக்கத்தில் ஒரு திரையரங்கில் ஆப்பரேட்டராக இருந்தவன். அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் பெயர் பெற்ற அகஸ்தியாவே 1967-ல் திறந்து 2020-ல் மூடிவிட்டபோது, எங்களைப் போன்ற சிறிய கொட்டகைகளைப் பற்றிச் சொல்வதற்கு என்ன இருக்கிறது.

மற்றவர்கள் ஒரு படத்தைப் பார்ப்பதுபோல ஆப்பரேட்டர் பார்ப்பதில்லை. எங்கள் காலத்தில் இரண்டு மெஷின்கள் இருந்தன. இரண்டாயிரம் அடிச் சுருள் ஏறத்தாழ இருபத்திரண்டு நிமிடம் ஓடும். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை மற்ற மெஷினில் ஏற்றி வைத்துவிட்டு, கேபின் சன்னலில் கண்ணை வைத்துக் காத்திருக்க வேண்டும். திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். உடனே அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழு நொடி கழித்து இன்னொரு புள்ளி வரும். அப்போது இதை மூடி அதைத் திறக்க வேண்டும். தவறவிட்டால் திரை வெள்ளையாகிவிடும், கீழேயிருந்து விசில் பறக்கும். இதற்கிடையில் கார்பன் குச்சிகள் இரண்டும் எரிந்து எரிந்து குறைந்துகொண்டே போகும். அவற்றின் இடைவெளியைத் திருகித் திருகிச் சரிசெய்யாவிட்டால் படம் மங்கிவிடும். ஓடி முடிந்த சுருளைக் கையால் திருப்பிச் சுற்ற வேண்டும். ஆகவே ஒரு படத்தை நூறு காட்சி ஓட்டியிருப்போம், ஆனால் மூலையில் புள்ளி வரும் நேரத்தில் கதாநாயகி அழுதாளா சிரித்தாளா என்று கேட்டால் தெரியாது. மூலையை மட்டும்தான் பார்த்திருப்போம்.

கடைசிச் சுருள் மட்டும் வேறு. அதற்குப் பிறகு மாற்றுவதற்கு எதுவும் இல்லை, புள்ளிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த இருபது நிமிடம் ஆப்பரேட்டரும் மனிதனாகப் படம் பார்க்கலாம்.

1982-ல் ‘மூன்றாம் பிறை’ வந்தது. எங்களுக்கு நேரடி வெளியீடு கிடைக்காது. பெரிய அரங்குகளில் ஓடி ஓய்ந்த பிறகுதான் பெட்டி வரும். வருவதற்குள் படச்சுருளில் நெடுக்குக் கோடுகள் விழுந்திருக்கும். அதைத் தரை டிக்கெட்காரர்கள் ‘மழை பெய்யுது’ என்பார்கள். அந்தப் படத்தின் முடிவு ஊட்டி மலையில் கேத்தி ரயில் நிலையத்தில் நடக்கிறது. அதுவரை குழந்தைபோல் கதாநாயகனோடு வாழ்ந்தவளுக்கு நினைவு திரும்பிவிட்டது; அவனை யாரென்றே தெரியவில்லை. அவன் மழையிலும் சேற்றிலும் விழுந்து புரண்டு, அவள் சிரிப்பதற்காக முன்பு ஆடிக் காட்டிய குரங்கு விளையாட்டை மறுபடி ஆடிக் காட்டுகிறான். அவளோ ரயில் சன்னல் வழியாக, யாரோ பைத்தியம் என்று நினைக்கிறாள். படத்தில் பெய்யும் மழை எது, சுருளில் விழுந்த கோடு எது என்று எங்கள் கொட்டகையில் பிரித்துச் சொல்ல முடியாது. நல்ல பிரதியில் பிற்பாடு ஒருமுறை பார்த்தேன். எனக்கு என்னவோ மழை குறைந்துவிட்டதுபோல இருந்தது.

நான் சொல்ல வந்தது இது. படம் முடிந்தவுடன் அரங்கத்து விளக்குகளைப் போடுவதும் என் வேலை. முதல் நாள் மாலைக் காட்சியில் வழக்கம்போலப் படம் முடிந்த நொடியே சுவிட்சைத் தட்டிவிட்டேன். சன்னல் வழியாகப் பார்த்தால், காசிமேட்டிலிருந்து வலையைப் போட்டுவிட்டு நேராக வந்திருந்த ஆட்கள், லுங்கி முனையைக் கண்ணில் வைத்தபடி அப்படியே பிடிபட்டு நிற்கிறார்கள். பக்கத்து ஆளைப் பார்க்காமல் இருக்க ஒவ்வொருவரும் கூரையைப் பார்க்கிறார்கள், செருப்பைத் தேடுகிறார்கள். எனக்கு மிகவும் கூச்சமாகப் போய்விட்டது. குளிக்கும் இடத்தில் தெரியாமல் கதவைத் திறந்துவிட்டதுபோல.

அடுத்த காட்சியிலிருந்து விளக்கைக் கொஞ்சம் தாமதித்துப் போட்டேன். துடைத்துக்கொள்ள நேரம் வேண்டுமல்லவா. மேலாளர் கண்டித்தார்: அடுத்த காட்சிக்குக் கூட்டம் வெளியே நிற்கிறது, நீ என்ன மின்சாரம் மிச்சம் பிடிக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பா கூட்டத்தோடு ஒரு சிறிய அறையில், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். அந்தக் காலத்தில் தொலைக்காட்சியை யாரும் விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பதில்லை, கண் கெட்டுவிடும் என்பார்கள். அவருக்கு இருட்டு வேண்டியிருந்தது, குழாயடியில் இருந்தது. வண்ணாரப்பேட்டை நண்பர் தாகம் என்கிறார். இருக்கலாம். ஆனால் நான் மேலே இருந்து பல்லாயிரம் பேரின் முதுகைப் பார்த்தவன். தண்ணீர் குடிக்கப் போகிறவனின் முதுகு வேறு மாதிரி இருக்கும்.

பி.வி. காலனி பேத்தி எழுதியது:

வண்ணாரப்பேட்டைவாசி அவர்களுக்கு ‘பாசமலர்’ குறித்து மட்டும் ஒரு மறுமொழி.

நான் பிறந்து வளர்ந்த வியாசர்பாடி பி.வி. காலனியின் பெயரில் உள்ள எழுத்துகள் பர்மாவையும் வியட்நாமையும் குறிப்பவை. அங்கிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களுக்காக அமைந்த குடியிருப்பு அது. 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது, என் ஆயா ரங்கூனிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு கப்பல் ஏறினார். அவருடைய அண்ணன் பின்னால் வருவதாகச் சொல்லி அங்கேயே தங்கினார். சில கடிதங்கள் வந்தன, பிறகு வரவில்லை.

ஆயா ‘பாசமலர்’ படத்தை மறுவெளியீட்டில்தான் பார்த்தார். ஒரு முறையல்ல, எந்தக் கொட்டகையில் போட்டாலும் போவார். என் சிறுவயதில் என்னையும் அழைத்துப்போயிருக்கிறார். அவர் அழுததைப் பார்த்து நான் சலித்துக்கொண்டதும் உண்டு. எனக்கும் அப்போது அது மிகை நடிப்பாகத்தான் தெரிந்தது. பிற்காலத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். அண்ணனும் தங்கையும் இறக்கும் இறுதிக் காட்சியில் அவர் அழமாட்டார், முந்தானையைச் சரிசெய்துகொண்டு கிளம்பத் தயாராகிவிடுவார். அவர் அழுவது படத்தின் தொடக்கத்தில், அவர்கள் இருவரும் ஏழைகளாக ஒன்றாக இருக்கும் பகுதியில். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், அண்ணனும் தங்கையும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆயாவின் கண்ணிலிருந்து சத்தமில்லாமல் நீர் வழிந்துகொண்டிருக்கும். அங்கே ஷெனாய் எதுவும் இல்லை ஐயா.

உங்கள் பெரியப்பா தங்கைக்குப் பங்கு கொடுக்காதது அவருடைய குற்றம். அதைப் பீம்சிங் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

கொருக்குப்பேட்டை அண்ணனுக்கு: மகளோடு பாருங்கள். நான் ஆயாவோடு பார்த்தபோது எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணனின் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. உங்கள் மகள் கேட்கிறாள்.

ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடி எழுதியது:

எனக்கு அந்த இடம் ‘மெட்ராஸ்’ படத்தில் இருக்கிறது. 2014 செப்டம்பரில் வந்தபோது நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. எங்கள் வியாசர்பாடியை, எங்கள் குடியிருப்பின் படிக்கட்டையும், துணி காயும் தாழ்வாரத்தையும், பந்து உதைக்கும் மைதானத்தையும் திரையில் அப்படியே பார்த்தபோது முதலில் வந்தது சிரிப்புதான். வீட்டு ஆட்களைத் திருமண ஆல்பத்தில் பார்ப்பதுபோல ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு நாயகனின் நண்பன் அன்பு கொல்லப்படுகிறான்.

அவன் சாவுக்குக் கானா பாலா எழுதிப் பாடும் இரங்கற்பாட்டு வரும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது படத்தில் ஒரு பாட்டு. எங்களுக்கு அது அப்படியில்லை. எங்கள் பகுதியில் ஒருவர் இறந்தால், இரவு முழுவதும் உடலருகே உட்கார்ந்து அவருடைய பெயர், ஊர், தொழில், பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் பாட்டில் கோத்துப் பாடும் மரண கானா என்ற வழக்கம் உண்டு. துக்கம் கேட்க வந்தவர்கள் தூங்கிவிடாமல் இருக்கவும், வீட்டார் தனியாக இல்லை என்று காட்டவும் அது நடக்கும். 2009-ல் என் மாமாவுக்கு அப்படித்தான் விடியும்வரை பாடினார்கள். பாடியவர் மாமாவின் ஆட்டோ எண்ணைக்கூடப் பாட்டில் சேர்த்திருந்தார். அத்தை அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்தவர், அந்த எண் வந்தபோதுதான் கதறினார்.

படத்தில் அன்புவின் மனைவி மேரியாக ரித்விகா நடித்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அத்தைதான் தெரிந்தார். அந்தப் படத்தை ‘வடசென்னை ரவுடி படம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுபவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான். நான் வேலை செய்யும் இடம் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிறது. அங்கே ஊரின் பெயரைச் சொன்னாலே ஒரு புன்னகை வரும், அது தனிக் கதை.

நான் அந்தப் படத்தை ஒன்பது முறை பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் ஒருமுறையும் நிறுத்தியதில்லை. நிறுத்தினால் பாட்டைப் பாதியில் விட்டதாகிவிடும். சாவு வீட்டில் பாட்டைப் பாதியில் விடமாட்டார்கள்.

எருக்கஞ்சேரி வாத்தியார் எழுதியது:

முப்பத்தோரு ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், எனக்குப் படங்களில் கண் போவது குழந்தைகள் மீதுதான். கதாநாயகன் என்ன செய்கிறான் என்பதைவிட, பின்னால் நிற்கும் பிள்ளை சாப்பிட்டதா என்றுதான் பார்ப்பேன்.

மகேந்திரன் 1979-ல் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’ படத்தைப் பற்றிச் சொல்கிறேன். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவியது என்றாலும், படித்தவர்களுக்குத் தெரியும், கதையிலிருந்து படம் வெகுதூரம் போய்விடுகிறது. சுந்தரவடிவேலு ஒரு கிராமத்துப் பள்ளியின் நிர்வாகி. வெள்ளை வேட்டியும் தணிந்த குரலுமாக இருந்துகொண்டே நோயாளி மனைவியைச் சிறுகச் சிறுக வதைப்பவன். விஜயன் அதைக் கத்தாமல் நடித்திருப்பார். மனைவி இறந்துபோகிறாள். இறுதியில் ஊரார் கூடி அவனை ஆற்றில் இறங்கச் செய்கிறார்கள். அவன் சாவதில் பார்ப்பவருக்கு ஒரு நிறைவு வர வேண்டும். எல்லாப் படங்களிலும் அப்படித்தான் வரும். ஆனால் கரையில் அவனுடைய இரண்டு குழந்தைகள் நிற்கிறார்கள். தாயும் இல்லை, இப்போது தகப்பனும் இல்லை. அந்த இரண்டு பிள்ளைகள் மட்டும் நடந்து போவதோடு படம் முடிந்துவிடுகிறது.

அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. இயக்குநரின் திறமையை வியந்தேன், அவ்வளவுதான். அழவில்லை. பிறகு, 1990-களின் தொடக்கத்தில், என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் தாயை இழந்தான். காரியம் முடிந்த மறுநாள் பள்ளிக்கு வந்தான். சட்டை துவைத்திருந்தது, பை ஒழுங்காக இருந்தது, வீட்டுப்பாடம்கூட எழுதியிருந்தான். எல்லாம் சரியாக இருந்தும் என்னவோ ஒன்று உறுத்தியது. வருகைப் பதிவு முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் விளங்கியது. தலையில் வகிடு வலப்பக்கம் இருந்தது. அவனுக்கு எப்போதும் இடப்பக்கம்தான் வகிடு. தாய் அவனைத் தன் முன்னால் முதுகு காட்டி உட்கார வைத்து வாரியிருப்பாள். தகப்பன் எதிரே நின்று வாரியிருக்கிறார்.

அன்று வகுப்பை எப்படி நடத்தி முடித்தேன் என்று தெரியவில்லை. சில ஆண்டுகள் கழித்து ‘உதிரிப்பூக்கள்’ படத்தை மீண்டும் பார்த்தேன். கரையில் நடக்கும் அந்தப் பிள்ளைகளின் தலையைத்தான் பார்த்தேன். நாளைக்கு இதுகளுக்கு யார் தலை வாருவார்கள் என்று தோன்றியதும் என்னால் உட்கார முடியவில்லை. படம் அதேதான், சட்டகம் அதேதான். முதல்முறை நான் அதற்கு எதையும் கொண்டுபோகவில்லை.

ஆகவே கொருக்குப்பேட்டை நண்பருக்கு நான் எச்சரிக்கையாகவே ஒன்று சொல்வேன். நீங்கள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் படத்தையும் உங்கள் அப்பாவின் இடத்திலிருந்து பார்க்கத் தயாராக இருங்கள். தாத்தாவின் மரணத்தோடு ‘வீடு’ முடிந்துவிடுவதில்லை. அந்த மனை ஏற்கெனவே குடிநீர் வாரியத்துக்காகக் கையகப்படுத்தப்பட்டது என்று பிறகு தெரியவரும். சுதா நீதிமன்றத்துக்குப் போவாள். தீர்ப்பு வராமலே படம் நின்றுவிடும். அரை கிரவுண்டு மனையில் ஆண்டுக்கணக்காகச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த ஒருவர் அன்றிரவு அந்த முடிவைப் பார்க்காமல் போனது எனக்கு ஒருவகையில் ஆறுதலாகவே இருக்கிறது.

வண்ணாரப்பேட்டைவாசி எழுதியது:

என்னைக் கொஞ்சம் அதிகமாகவே புரட்டி எடுத்துவிட்டீர்கள், ஏற்றுக்கொள்கிறேன். பி.வி. காலனி சகோதரியின் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை; பெரியப்பா குற்றம் பெரியப்பாவோடுதான்.

நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. ‘மகாநதி’யை, 1994 பொங்கலுக்கு வந்த படத்தை, நான் இரண்டாம் முறை பார்த்ததில்லை. கல்கத்தாவிலிருந்து மகளை மீட்டுக்கொண்டு வந்த பிறகு, அவள் தூக்கத்தில் ஏதோ பேசுவாள். தகப்பன் அதைக் கேட்பான். எனக்கு அப்போது கைக்குழந்தையாக ஒரு மகள் இருந்தாள். இதற்கு மேல் எழுத விரும்பவில்லை. அதுவும் கைத்தொழில்தான் என்று இப்போதும் சொல்வேன், ஆனால் செய்தவன் தேர்ந்த கைக்காரன்.

ரயில்கேட் கொருக்குப்பேட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு பார்த்தோம். நான், மகள், பாதியில் வந்து சேர்ந்துகொண்ட என் மனைவி.

தாத்தா கிளம்பி வரும் இடம் வந்தபோது மகள் என்னைப் பார்த்தாள். நான் ரிமோட்டை அவளிடம் கொடுத்துவிட்டேன். என் நினைவில் அந்தக் காட்சி மிக நீளமாக இருந்தது, பார்த்தால் அவ்வளவு நீளமில்லை. நான்தான் இத்தனை ஆண்டுகளாக அதை நீட்டி வைத்திருக்கிறேன். அழுகை வரவில்லை. சுவர் நனைந்திருக்கிறதா என்றுதான் தேடினேன்.

மகள் அழுதாள், ஆனால் வேறிடத்தில். ஒப்பந்தக்காரரின் திருட்டை வீட்டுக்காரியிடம் துணிந்து சொல்லும் மங்கம்மா என்ற சித்தாள் ஒருத்தி வருகிறாள் அல்லவா, ‘பசி’ சத்யா நடித்தது; அவளைப் பார்த்து அழுதாள். ஏன் என்று கேட்டேன். அந்த அம்மா கட்டும் வீட்டில் அந்த அம்மா இருக்கப்போவதில்லையே என்றாள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் படத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு திரிகிறேன், எனக்கு ஒருமுறையும் அது தோன்றியதில்லை. எங்கள் வீட்டுக்குக் கல் சுமந்த சித்தாள்களில் ஒருவருடைய முகம்கூட எனக்கு நினைவில்லை.

வாத்தியார் ஐயா, முடிவைப் பற்றி நீங்கள் எச்சரித்தது நல்லதாயிற்று. குடிநீர் வாரிய ஆட்கள் வந்து நின்றபோது என் மனைவி எழுந்துபோய் பீரோவைத் திறந்து எங்கள் பத்திரத்தை எடுத்துப் பார்த்தாள். சிரித்துவிட்டோம்.

படம் முடிந்த பிறகு அப்பாவைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். வெளிப்பூச்சுக்கு மேஸ்திரியை வரச்சொல்லலாமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

கேபின் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். விளக்கைத் தாமதித்துப் போட்டேன் என்றீர்களே, எத்தனை நொடி விடுவீர்கள்?

பழைய கேபின் எழுதியது:

ஆறு, ஏழு நொடி. பெண்கள் கூட்டம் அதிகமிருந்தால் பத்துவரை விடுவேன், அவர்களுக்குக் குழந்தையையும் தூக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் விசில் அடிப்பார்கள்.